பச்சை வலைக்குக் கீழே

ஜெயசிங்கின் மொட்டை மாடியில் கட்டியிருந்த பச்சை வலையைப் பற்றி அந்த வட்டாரத்தில் அபிப்பிராயம் சொல்லாதவர்கள் இல்லை. பால்காரன் சொன்னான், பூவார் பக்கமிருந்து மீன் கொண்டுவருகிற அல்போன்சம்மா சொன்னாள், கரண்டு மீட்டர் பார்க்க வந்தவன்கூட அண்ணாந்து பார்த்துவிட்டு அவன் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனான். எல்லோர் பேச்சும் ஒன்றுதான். முந்திரிக்கொடிக்கு வெயில் வேண்டும், இப்படி மூடிப்போட்டால் ஒரு காலத்திலும் காய்க்காது. பாறசாலைப் பக்கத்தில் திராட்சைக்குத்தான் முந்திரி என்று பெயர். ஜெயசிங் எல்லோருக்கும் தலையை ஆட்டுவார். வலையை மட்டும் அவிழ்க்க மாட்டார்.

அவருக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை கல்யாணத்துக்கும் சாவுக்கும் கன்வென்ஷனுக்கும் பந்தல் போட்டே தலை நரைத்தவர். எந்த முற்றத்தில் எந்த நேரத்தில் எந்தப் பக்கத்து வெயில் நாற்காலியில் விழும் என்பதைப் படலையைத் திறந்து உள்ளே வரும்போதே சொல்லிவிடுவார். ஊராருக்கெல்லாம் நிழல் போட்டுக் கொடுத்த மனிதருக்குத் தன் வீட்டு மாடியில் ஒரு கொடிக்கு எவ்வளவு நிழல் வேண்டும் என்று தெரியாதா என்ன? தெரியும். அந்த வலையை அவர் கொடிக்காகக் கட்டவில்லை. மகளுக்காகக் கட்டினார்.

ஊர்க் கணக்கில் அவர் மகள் ரெஷ்மா இங்கிலாந்தில் இருந்தாள். வீட்டுக் கணக்கில் மாடி அறையில் இருந்தாள்.

நர்சிங் படித்துத் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த பிள்ளை. இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை என்று ஒரு ஏஜென்சி சொல்லி, விசாவும் வந்தது. அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யார் வெளிநாடு போனாலும் முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வழியனுப்பு ஜெபம் நடக்கும். போகிறவர்களை முன்னால் முழங்காலில் நிறுத்திப் போதகரும் கமிட்டிக்காரர்களும் தலையில் கை வைப்பார்கள், பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒரு வேதப்புத்தகம் கொடுப்பார்கள். சபைச் செயலாளர் ஜெயசிங் மகளுக்கு இது போதும் என்று விட்டுவிடுவாரா? வீட்டு முற்றத்தில் தன்னிடமிருந்த துணிகளிலேயே நல்ல துணியாகப் பார்த்துப் பந்தல் போட்டு, சபை மொத்தத்துக்கும் பிரியாணி கொடுத்துத்தான் அனுப்பினார்.

போய் இறங்கியபோது வேலை என்ற ஒன்று காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. அந்த இல்லத்தின் அனுமதியை அரசாங்கம் எப்போதோ ரத்து செய்திருந்தது. வேறு இடம் தேடிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள். யாரோ ஒரு பெண்ணின் அறையில், சமையல் அடுப்புக்கு அருகில் படுத்துக்கொண்டு ரெஷ்மா தேடினாள். கிடைக்கவில்லை. ஜூன் மாதத்து மழையில் ஒரு விடியற்காலையில் நனைந்த பெட்டியோடு படலையைத் திறந்து வந்து நின்றாள்.

அவள் மீது குற்றம் ஒன்றுமில்லை. குற்றமில்லை என்பதை வீடு வீடாக ஏறிச் சொல்ல முடியுமா என்பதுதான் ஜெயசிங்கின் கேள்வி. இன்னொரு கேள்வியும் அவர் தொண்டையில் கிடந்தது. பக்கத்து வீட்டுப் புஷ்பபாயின் மகன் ஜிதின் கத்தாருக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தபோது, சபை வாசலில் பத்து பேர் பார்க்க, "என்னலே ஜிதினே, பிளேன்ல ஏறிப் பாக்கத்தான் போனியா?" என்று கேட்டவர் அவர்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஜிதினும் சிரித்தான். அதன் பிறகு அவன் தன் சரக்கு ஆட்டோவை ஓட்டிக்கொண்டு போகும்போது ஜெயசிங்கைக் கண்டால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

அடுத்த விசா வரும்வரை, ஒரு வாரமோ இரண்டு வாரமோ, யாருக்கும் தெரிய வேண்டாம் என்றுதான் தொடங்கியது. மழை ஓய்ந்தது, ஓணம் போனது, கிறிஸ்துமஸ் போனது. விசா வரவில்லை. பொய் மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

வீட்டிலிருந்த மூன்று பேரில் அதிகம் அவதிப்பட்டவள் அவர் மனைவி ரத்னபாய். வாயைத் திறந்து பொய் சொல்லிப் பழக்கமில்லாத பெண். 'மோள் விளிச்சாளா, போன் வந்துதா?' என்று கிணற்றடியிலும் கடையிலும் கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் சாயங்காலம் ரெஷ்மா மாடி அறையிலிருந்து கீழே அடுக்களைக்குப் போன் போட வேண்டும். அம்மா எடுத்து, "சாப்ட்டியா மக்களே" என்று கேட்பாள். மகள், "நீங்க கொண்டு வந்து வச்ச மரச்சீனியும் மீனும் இப்பம்தான் தின்னேன்" என்பாள். மறுநாள் யார் கேட்டாலும் ரத்னபாய் நிமிர்ந்து நின்று, நேத்தும் விளிச்சா, நல்லா சாப்பிட்டாளாம் என்று சொல்லலாம். ஜெயசிங்குக்கு அந்த வசதி கிடையாது. அவர் செல்போனில் இங்கிலாந்தின் தட்பவெப்பத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, அங்கே இப்போது சரியான பனி என்று சொல்லித் திரிந்தார்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு ஆகாது. சபைச் செயலாளர் எழுந்து நின்று வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும். துபாயில் இருக்கிற தீபு, அயர்லாந்தில் இருக்கிற ஜிஷா என்று வரிசையாக வந்து, இங்கிலாந்தில் இருக்கிற ரெஷ்மா என்று கண்ணை மூடிக்கொண்டு கடவுளிடமே சொல்ல வேண்டும். அது முடிந்ததும், வீடுகளில் இருக்கிறவர்களுக்காக என்று பரீட்சை எழுதுகிறவர்கள், சுகமில்லாதவர்கள், வேலை தேடுகிறவர்கள் பெயர்களைச் சொல்லுவார். இரண்டு பகுதிக்கும் நடுவில் அவருக்கு மூச்சு முட்டும். திங்கட்கிழமை விடியும்போதே அடுத்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்துவிடுவார்.

கொடி ரத்னபாய் வைத்தது. மகள் புறப்பட்டுப் போன வாரத்தில் பாலராமபுரத்து நர்சரி ஒன்றிலிருந்து ஒரு கம்பு வாங்கிவந்து கிணற்றோரம் நட்டாள். அது குழாயைப் பிடித்து ஏறி மாடியை எட்டியபோது ரெஷ்மா திரும்பி வந்திருந்தாள். புஷ்பபாயின் மாடி கையெட்டும் தூரம். குருமிளகு உலர்த்தவும் துணி காயப்போடவும் அவள் எந்நேரமும் அங்கேதான். பிள்ளை மாடிக்கு வந்து காற்று வாங்கக்கூட வழியில்லை. ஜெயசிங் யோசித்தார். முந்திரிக்குப் பந்தல் என்று சொல்லி ஒரே பகலில் குழாய் நட்டு, மேலேயும் மூன்று பக்கமும் நல்ல அடர்த்தியான பச்சை வலையை இழுத்துக் கட்டிவிட்டார்.

அந்த வலைக்குள்தான் ரெஷ்மாவின் நாள் கழிந்தது. அறைக் கதவைத் திறந்தால் பந்தல். கொடியின் பற்றுக்கம்பிகளைக் கம்பியில் சுற்றிவிடுவாள், பழுத்த இலையைக் கிள்ளுவாள். கொடியும் அவள் சொல்கேட்டு வளர்ந்தது. ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுத் தட்டு அகலம். பார்க்கிறவர்கள் மூக்கில் விரல் வைக்கும்படியான செழிப்பு. பூ மட்டும் ஒன்றுகூட இல்லை.

"எல சும்மா பெருசாட்டு வருதுப்பா. கணுவுக்குக் கணு தூரமும் கூடுது. எதையோ தேடிப் போற மாதிரி," என்று ஒருநாள் அவள் சொன்னாள்.

வரும் மக்களே, எல்லாம் வரும் என்று சொல்லிவிட்டு ஜெயசிங் இறங்கிப் போய்விட்டார். அவரால் ஒரு இடத்தில் நின்று ஒரு பேச்சை முழுதாகக் கேட்க முடியாத காலம் அது.

பிப்ரவரியில் வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் புஷ்பபாய் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். பின்னால் கிருஷிபவனிலிருந்து வேளாண்மை ஆபீசர் சோனா. மாடித் தோட்டம் போட்ட வீடுகளையெல்லாம் பார்த்து வருகிறாள். புஷ்பபாய் வீட்டு வெண்டைக்காயைப் பார்த்தாகிவிட்டது. இங்கே ஒரு முந்திரி நிற்கிறது, காய்க்கவே மாட்டேன் என்கிறது என்று சொல்லிக் கையோடு கூட்டிவந்துவிட்டாள்.

படி வெளிப்புறம். ஜெயசிங் கட்டன்சாயாவைக் கீழே வைத்துவிட்டு எழுவதற்குள் இரண்டு பேரும் பாதிப் படி ஏறியிருந்தார்கள். அவர் வேண்டுமென்றே தொண்டையைக் கிழித்துக்கொண்டு இருமினார். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் போய்ச் சேர்ந்தபோது பந்தலுக்குள் யாரும் இல்லை. ரெஷ்மாவின் செருப்பு மட்டும் கிடந்தது. அதைக் காலால் தள்ளித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் விட்டார். புஷ்பபாய் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோனா நெய்யாற்றின்கரைக்காரி. மலையாளமும் தமிழும் கலந்து வரும் பேச்சு. ஒரு இலையைக் காம்போடு வளைத்து வானத்துக்கு நேரே பிடித்தாள். இலைக்குப் பின்னால் இருந்த அவள் விரல்கள் தெரிந்தன. "கண்டோ சேட்டா, கனமே இல்ல. வெளிச்சம் போதாதப்ப உள்ள வெளிச்சத்தப் பிடிக்க இல பரந்து பரந்து போகும். பாக்க நல்லா இருக்கும், பலம் இருக்காது," என்றாள்.

பிறகு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதுபோல விளக்கினாள். வெயில் படுகிற இலை சின்னதாகவும் தடிப்பாகவும் இருக்கும், தனக்கும் சமைத்துக் கொடிக்கும் சமைத்துப் போடும். நிழல் இலைக்கு அந்தத் திராணி கிடையாது. மேல் இலை தின்ற மிச்ச வெளிச்சம்தான் கீழ் இலைக்கு. அதற்கும் அடியில் கிடக்கிறது தன் வயிற்றுக்கே சம்பாதிக்காது, மற்ற இலை சமைத்ததை உட்கார்ந்து தின்னும், கடைசியில் மஞ்சளடித்து விழும். ஒவ்வொரு இலைக் காம்பின் அடியிலும் ஒரு கண் உண்டு. அந்தக் கண்ணில் இப்போது விழுகிற வெயிலைப் பொறுத்துத்தான் அடுத்த முறை அதிலிருந்து குலை வருமா, வெறும் பற்றுக்கம்பி வருமா என்பது முடிவாகும். இந்த வலை நிற்கிறவரை பழத்தைக் கனவில்கூடப் பார்க்க வேண்டாம்.

உட்கார்ந்து தின்னும் என்று அவள் சொன்ன இடத்தில், சாத்திய கதவுக்குப் பின்னால் ஏதோ இடறிய சத்தம் கேட்டது. புஷ்பபாய் கதவைப் பார்த்தாள். ஜெயசிங் முந்திக்கொண்டார். எலி, எலித் தொந்தரவு தாங்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே, சாயா ஆறிப்போகும் என்று படியை நோக்கி நடந்தார். சோனா பேச்சை நிறுத்தவில்லை. இலையைத் தடவிக்கொண்டே கதவருகில் நின்று இன்னும் ஏதோ சொன்னாள். அவர் அதற்குள் கீழே போய், ரத்னபாயிடம் சாயா போடச் சொல்லிக் கண்ணால் மாடியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

போகும்போது புஷ்பபாய் சொன்னாள். "நாளைக்கு ஜிதின அனுப்புகேன் அண்ணே. ரெண்டு பேராட்டு நின்னு வலைய எடுத்திரலாம்."

"எனக்குப் பந்தல் பிரிக்க ஆளு வேணுமா புஷ்பபாயி?" என்று ஜெயசிங் சிரித்தார். சிரித்த வாயை மூடக்கூட அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

இனி வலை நின்றால் அதுதான் சந்தேகம். அரசாங்க ஆபீசரே வந்து சொன்ன பிறகும் ஒருவன் வலையை அவிழ்க்கவில்லை என்றால் உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று ஊர் கேட்கும். ஜெயசிங் அன்று சாப்பாட்டில் கை வைத்தார், எழுந்தார், முற்றத்துக்குப் போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார். ரத்னபாய் சாளைக் கறிச் சட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, மனுஷன் சோறு தின்ன விடுங்க என்றாள். அவர் மாடிக்கு ஏறினார்.

"மக்களே, வலைய நாளைக்கு எடுக்கேன். இனி நீ பகல்ல டெரசுக்கு வரண்டாம். இருட்டினதுக்குப் பொறவு வந்தாப் போரும்."

ரெஷ்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "அந்த மேடம் கடைசியாட்டு சொன்னதக் கேட்டியளா?"

"கேட்டேன். வெயிலு வேணும்னு சொன்னா."

"அது இல்லப்பா. அதுக்குப் பொறவு சொன்னது..."

"பந்தலு போட்டுப் பிரிச்சே தேஞ்ச கையாக்கும் இது. எனக்கு யாரும் சொல்லித் தரண்டாம்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வார்த்தைக்கு நிற்காமல் இறங்கிவிட்டார்.

பந்தல்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. பந்தலைப் பிரிக்கத் தொடங்கினால் ஒரே மூச்சில் பிரித்துவிட வேண்டும். பாதி பிரித்த பந்தல் முற்றத்தில் நின்றால் அந்த வீட்டுக்கு வேண்டாத இன்னொரு காரியத்தைக் கூட்டிவந்துவிடும். கல்யாணப் பந்தலைப் பாதியில் விட்டுச் சாப்பிடப் போன வேலைக்காரர்களைக்கூட ஜெயசிங் விட்டதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் மறுநாள் உச்சிவேளைக்கு மாடியில் ஏறினார். கயிற்றை அறுத்தார், வலையைச் சுருட்டினார், கொடி படர்ந்த கம்பிகளை மட்டும் விட்டுவிட்டு வலைக் குழாய்களைக் கழற்றினார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியபோது கொடியின் மேல் வானம் அப்படியே இறங்கியிருந்தது. இலைகள் பளபளவென்று மின்னின. பக்கத்து மாடியில் மிளகு துழாவிக்கொண்டிருந்த புஷ்பபாய் நிமிர்ந்து பார்த்து, இப்பம்தான் கொள்ளாம், நல்லாருக்கு என்றாள். வெகுநாளைக்குப் பிறகு ஜெயசிங்குக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. இத்தனைக்கும் அறைக் கதவு பூட்டியே கிடந்தது.

அந்த லேசு அடுத்த நாள் வரைதான் நின்றது. மத்தியானம் ஏறிப் பார்த்தபோது இலைகள் துவண்டு தொங்கின. தொட்டுப் பார்த்தார், சுட்டது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் குடம் குடமாகக் கொண்டுபோய் வேரில் ஊற்றினார். அதற்கடுத்த நாள் இலையின் நடுவில் சாயம் போன துணி மாதிரி வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. சாயங்காலத்துக்குள் திட்டுகள் பழுப்பாகி, ஓரம் சுருண்டு, விரல் பட்டால் அப்பளமாய் நொறுங்கியது. கருகியதெல்லாம் பெரிய இலை, அழகான இலை. இத்தனை மாதம் ஊரார் மெச்சிய இலை.

அவர் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். பழைய குடையை எடுத்துக்கொண்டு போனார், ஒரு குடை எத்தனை இலையை மறைக்கும் என்று திரும்பிக் கொண்டுவந்தார். எதற்காக இந்தப் பாடு படுகிறீர்கள், ஒரு கொடிதானே என்று ரத்னபாய் கேட்டாள். கொடிதான். ஆனால் அது கருகினால் மகளுக்கு அந்த வீட்டில் சொந்தமாக இருந்த ஒன்றும் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்தது. அதைத் தன் கையால் செய்தோம் என்பதும் தெரிந்தது.

மாடி அறைக் கதவு திறக்கவில்லை. வைத்த சோறு வைத்தபடி திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் அடுக்களையில் போன் அடிக்கவில்லை. ரத்னபாய் அதைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை அடுப்புக்கு முன்னால் நின்றாள். அடுத்த நாள் காலையில் மதில் ஓரம் புஷ்பபாய் எப்போதும்போல, "மைனி, நேத்து மோள் விளிச்சாளா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றாள் ரத்னபாய். அதற்கு மேல் முடியாமல் மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புஷ்பபாய் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு கை நீட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயசிங் இதைக் கிணற்றடியிலிருந்து பார்த்தார். பார்த்ததும் மாடிக்கு ஓடினார்.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "மக்களே, எல எல்லாம் கருகுது," என்றார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் காலடியில் காங்கிரீட் சூடானது. நகராமல் நின்றார். அவர் அந்த வருஷத்தில் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"எந்தப் பக்கம்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மேக்குப் பக்கம் முச்சூடும் போச்சு. நடுவுல கொஞ்சம் உண்டு."

தாழ்ப்பாள் விலகியது. ரெஷ்மா தன் படுக்கை விரிப்பையும் அம்மாவின் பழைய வெள்ளைச் சேலைகளையும் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அந்த வெயிலில் அவளுக்குக் கண் திறக்க முடியவில்லை. இமையைச் சுருக்கிக்கொண்டு, தட்டுத் தடுமாறிக் கொடியின் அருகே போனாள். அந்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் அது எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று ஜெயசிங்குக்குத் தெரிந்தது. அதே சமயம் பக்கத்து மாடியும் அவர் கண்ணில் பட்டது.

"மக்களே, புஷ்பபாயி அந்தால நிக்கா. உள்ள போ."

"நிக்கட்டு. இந்த முனையப் பிடியுங்க."

அவர் பிடித்தார். அவள் சேலையைக் கம்பியின் மேல் விரித்துக்கொண்டே பேசினாள். குரலை உயர்த்தவில்லை. "இந்த எலைகள் நெழலுலயே உண்டானதுப்பா. இதுக்குத் தொலி மெலிசு. ஒரேயடியாட்டு வெயில்ல விட்டா கருகத்தான் செய்யும். பைய பைய காட்டணும், மொதல்ல காலம்பறத்த வெயிலு மட்டும், பெறவு கொஞ்சங் கூட. அதுக்குள்ள புது எல வெயிலுலயே வரும், அது தாங்கும். இதத்தான் அந்த மேடம் கதவுகிட்ட நின்னு சொன்னா. நான் உள்ள நின்னு கேட்டேன். நீங்க ஓடிப் போய்ட்டிய."

"எனக்கு ஒரே வெப்றாளமா இருந்து மக்களே, உன்னைக் கண்டிருவாங்களோன்னு..."

"ஜூன்ல நான் வந்து படலையில நின்னப்பம் நீங்க மொதல்ல கேட்டது என்னன்னு ஓர்மை உண்டா?"

அவருக்கு நினைவிருந்தது. நினைவில்லை என்பதுபோல நின்றார்.

"யாரும் கண்டாவளான்னு கேட்டிய. எதாவது தின்னியான்னு கேக்கேல்ல."

ஜெயசிங் கையிலிருந்த சேலை முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊராரின் வாயை நினைத்து நினைத்துப் பெற்ற பிள்ளையின் வயிற்றை மறந்துவிட்டோமே என்று இருந்தது.

பக்கத்து மாடியிலிருந்து புஷ்பபாய், "எப்பம் மக்களே வந்த?" என்று கேட்டாள்.

"ஜூன்ல மாமி."

புஷ்பபாய் தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "உனக்கு இஷ்டமுள்ள நெத்தோலிய உங்கம்மை அல்போன்சம்மாகிட்ட வாங்க ஆரம்பிச்சப்பமே நெனச்சேன். உங்கப்பன் ஒரு நாளு சொல்லுவாருன்னு பாத்துட்டு இருந்தோம்," என்றாள். பிறகு கீழே எட்டிப் பார்த்து ஜிதினைக் கூப்பிட்டாள்.

ஜிதின் சரக்கு ஆட்டோவில் கட்டுகிற கயிற்றோடு படியேறி வந்தான். ஜெயசிங் அவனை எதிர்பார்த்து நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு நின்றார். வாசலில் தான் கேட்ட அதே வார்த்தையை அவன் இப்போது திருப்பிக் கேட்க வேண்டும். கேட்டால் நியாயம், கேட்டுவிட்டால் நிம்மதி என்றுகூட அவருக்குத் தோன்றியது. ஜிதின் கருகின இலைகளைப் பார்த்தான், சேலைகளைப் பார்த்தான். வலையையே திரும்பக் கட்டி, ஒரு பக்கம் திரைபோல ஏற்றி இறக்கும்படி கயிறு போட்டுவிடலாம் என்றான்.

"அங்க குளுரு எப்பிடி?" என்று ரெஷ்மாவிடம் கேட்டான்.

"சகிக்காது."

"எனக்கு சூடு சகிக்கேல்ல," என்று அவன் சொல்ல, இருவரும் லேசாகச் சிரித்தார்கள். போய்த் திரும்பி வந்தவர்களுக்கு மட்டும் புரிகிற சிரிப்பு. ஜெயசிங் குழாயைத் தூக்கி நிறுத்திப் பிடித்துக்கொண்டு, "எலே ஜிதினே, அண்ணைக்கு நான் உன்னட்ட சபை வாசல்ல..." என்று தொடங்கினார்.

"கயித்த விட்ராதீங்க மாமா, காத்து பிடிக்குது," என்றான் ஜிதின்.

அன்றைக்கு அந்த வீட்டில் சோறு வைத்த பானையைக் கழுவிக் கவிழ்க்கும்படி ஜிதினையும் சேர்த்து நான்கு பேர் சாப்பிட்டார்கள். ரெஷ்மா இரண்டாவது தடவை சோறு வாங்கினாள். ஜெயசிங் எல்லாக் காரியத்தையும் ஒரே மூச்சில் முடிக்கிற ஆள் அல்லவா? கை கழுவும்போதே, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சேர்ந்து சபைக்குப் போய்விடலாம், முன்வரிசையிலேயே உட்காரலாம் என்று தொடங்கிவிட்டார்.

"ஒரேயடியாட்டு வேண்டாம்பா. இண்ணைக்கு டெரசு போரும். திங்கக்கெழமை அம்மைகூட கடைக்குப் போறேன்," என்றாள் ரெஷ்மா. அவர் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் அவரும் ரத்னபாயும்தான் போனார்கள். ஜெபத்துக்கு எழுந்து நின்றார். கண்ணை மூடினார். துபாயில் இருக்கிற தீபு, அயர்லாந்தில் இருக்கிற ஜிஷா. நாக்கு தானாகவே இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினார். அந்த இடத்தில் வழக்கமாக வருகிற பெயர் வராததால் சபையில் இருமல்கூட நின்றுபோனது. மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"வீடுகளிலே இருக்கிற பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறோம் ஆண்டவரே," என்றார். "என் மகள் ரெஷ்மா. அவள் வந்து ரொம்ப நாளாகிறது. நான்தான் சொல்லவில்லை."

அங்கேயே நிறுத்திவிட்டார். பரீட்சை எழுதுகிறவர்களும் சுகமில்லாதவர்களும் பாக்கி இருந்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து, ஜெபம் முடிவதற்கு முன்பே, நேரம் கெட்ட நேரத்தில், புஷ்பபாயின் குரல் பலமாக ஆமென் என்றது. பின்வரிசையில் ஜிதின் சொன்னான். அப்புறம் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஏறினார். காலை வெயிலுக்காக ஏற்றிக் கட்டியிருந்த திரையை இறக்குவதற்காக ரெஷ்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுக்கொடியின் நுனியில் புதிதாக ஒரு துளிர், செம்பு நிறத்தில், நகம் அளவுக்கு வந்திருந்தது. அவர் அதைத் தொடாமல் பார்த்தார்.

"இண்ணைக்கும் பேரு சொன்னியளா?" என்று அவள் திரும்பாமல் கேட்டாள்.

"சொன்னேன்."

"எந்தக் கூட்டத்துல?"

"வீட்டுல உள்ளவங்க கூட."

ரெஷ்மா பாதி இறங்கியிருந்த திரையை அப்படியே நிறுத்திக் கயிற்றைக் குழாயில் கட்டினாள்.

"தின்னியா மக்களே?" என்று ஜெயசிங் கேட்டார்.